ஆப்பிரிக்கக் கனிமப் படிகங்கள்: முட்டத்திலிருந்து சேகரிக்கும் ஒருவனின் வழிமுறைகள்

கனிமப் படிகம் வாங்கப் போனால் முதலில் அதோடு வரும் துண்டுச்சீட்டைப் பாருங்கள். கனிமத்தின் பெயர், எந்தச் சுரங்கம் அல்லது எந்த மலை, பக்கத்து ஊர், நாடு, முடிந்தால் எடுத்த ஆண்டு. இவ்வளவும் இருந்தால் அது சேகரிப்புக்கு உரிய பீஸ். "அக்வாமரைன், ஆப்பிரிக்கா" என்று மட்டும் எழுதியிருந்தால் அழகான கல் என்று வாங்கிக்கொள்ளலாம், அதற்குரிய விலைக்கு மட்டும்.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அக்வாமரைன் என்ற இளநீலக் கல் பாகிஸ்தானிலும் கிடைக்கிறது, பிரேசிலிலும் கிடைக்கிறது. நமீபியாவின் எரோங்கோ மலையில் கிடைப்பது கிரானைட்டின் பொந்துகளுக்குள் கருப்பு டூர்மலினான ஷோர்ல், வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், சில வேளை ஃப்ளூரைட் இவற்றோடு சேர்ந்து வளர்ந்தது. எந்தப் பாறை, எந்தச் சூடு, எந்தத் திரவம் அந்தப் படிகத்தை வளர்த்தது என்ற கதை முழுவதும் ஊர்ப்பெயரில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கற்களுக்கு இந்த ஊர்ப்பெயர் சீக்கிரம் தொலைந்துபோகும். தோண்டுபவர் கையிலிருந்து தரகர், தரகரிடமிருந்து பெருநகர வியாபாரி, அங்கிருந்து ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ நடக்கும் கண்காட்சி, அப்புறம்தான் நம் கை. ஒவ்வொரு கை மாறும்போதும் சீட்டில் ஒரு சொல் குறையும், அல்லது விலை ஏற்றும் ஒரு சொல் கூடும்.

நான் கப்பலில் என்ஜினியராக இருந்தவன். வால்விஸ் பே, டர்பன், மொம்பாசா, மகஜங்கா என்று ஆப்பிரிக்கக் கரையோரம் நிறைய நின்றிருக்கிறேன். இப்போது கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் வீட்டோடு இருக்கிறேன். கல்லூரியில் நிலவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் அலமாரியைப் பார்க்க வருகிறார்கள். எங்கே தொடங்குவது என்று கேட்கும் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பொருள் அந்நியமானதே இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலிருந்துதான் இந்தக் கரை உலகத்துக்குத் தெரிந்தது. நாம் குடியிருக்கும் பாறைக்கு நிலவியலாளர்கள் நாகர்கோவில் பெயரையே வைத்திருக்கிறார்கள். தென்கண்டங்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்டுவானாக் காலத்தில் இந்தத் தென்முனையும் மடகாஸ்கரும் ஒரே நிலம். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. அச்சன்கோவில் வழியாகப் போகும் பாறைப் பிளவு வலயத்தின் தொடர்ச்சியை மடகாஸ்கரில் தேடி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மகஜங்காவில் கரை இறங்கி நின்றபோது இந்த நினைப்பே எனக்குப் பெரிய சந்தோஷம் தந்தது.

சரி, எங்கே தொடங்குவது? ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே அலமாரியில் அடக்க நினைத்தால் எந்த ஊரும் பழகாது. பழகாத ஊரின் கல்லில் பொய்ச் சீட்டைக் கண்டுபிடிக்கவும் முடியாது. நான் நமீபியாவைத் தேர்ந்தேன். கப்பல் வால்விஸ் பேயில் நின்றால் ஸ்வகோப்மண்டுக்குக் காரில் போய்விடலாம், அங்கே கல் கடைகள் உண்டு. அதைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் ஸ்பிட்ஸ்கொப்பே, உயிஸ் போகும் சாலையோரங்களில் மேசை போட்டு விற்பார்கள். பெரும்பாலும் அவர்களே தோண்டுபவர்கள், அல்லது அவர்கள் வீட்டு ஆட்கள். பொருளைக் கையில் எடுப்பதற்கு முன் "எந்தப் பக்கம் எடுத்தது?" என்று கேளுங்கள். மலையின் எந்தச் சரிவு என்பதுவரை சொல்வார்கள். அதை அந்த இடத்திலேயே தாளில் எழுதி, கல்லோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அறைக்குப் போய் எழுதலாம் என்று விடாதீர்கள். விலையில் ரொம்பவும் அடிக்காதீர்கள். வெயிலில் உளியும் சுத்தியலுமாகப் பாறையைத் திறந்தவருக்கு அந்தக் காசு நியாயமாகப் போய்ச் சேரவேண்டும்.

நமீபியா என்றால் ட்சுமெப் சுரங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் கலந்த தாது உடல் அது. ஆக்சிஜன் கலந்த நீர் மேலே மட்டும் இல்லாமல் வெகு ஆழத்திலும் இறங்கித் தாதுவை மாற்றியது. அதனால் மேலடுக்கில் ஒன்று, ஆழத்தில் இரண்டு என மூன்று ஆக்சிஜனேற்ற வலயங்கள் உண்டாயின. 300-க்கும் மேற்பட்ட கனிமங்கள் அந்த ஒரே சுரங்கத்திலிருந்து பதிவாகியிருக்கின்றன. கருநீல அசுரைட், மரகதப் பச்சையில் டையோப்டேஸ், வைரம் மாதிரி மின்னும் செரூசைட், மஞ்சள் மிமெடைட். சுரங்கத்தை நடத்திய கம்பெனியின் பெயரைச் சுருக்கி ட்சும்கோரைட் என்று ஒரு கனிமத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். 1996-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் ட்சுமெப் கல் அநேகமாக யாரோ ஒருவருடைய பழைய சேகரிப்பிலிருந்து வருவது. பழைய சீட்டும் கூடவே வரவேண்டும். புதுச் சீட்டோடு, புத்தம் புதிதாக, மலிவாக "ட்சுமெப் டையோப்டேஸ்" வந்தால் நிதானமாக யோசியுங்கள். டையோப்டேஸ் காங்கோவிலும் கிடைக்கிறது, கசக்ஸ்தானிலும் கிடைக்கிறது, நமீபியாவிலேயே வடமேற்கே காவோகோவெல்டிலும் கிடைக்கிறது. ட்சுமெப் என்ற சொல்லுக்கே விலை இருப்பதால் அந்தச் சொல்லைத் திருடுகிறார்கள்.

பழைய சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது தனிச் சுகம். "தென்மேற்கு ஆப்பிரிக்கா" என்றிருந்தால் அநேகமாக 1990-க்கு முன் எழுதியது, ஏனெனில் அந்த ஆண்டுதான் நமீபியா சுதந்திரம் பெற்றது. "ஜயர்" என்றிருந்தால் 1997-க்கு முந்தையது, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. எலிசபெத்வில் இன்று லுபும்பாஷி. ஜாதோவில் இன்று லிகாசி. வட ரொடீசியாவின் புரோக்கன் ஹில் இன்று சாம்பியாவின் கப்வே. நமக்கு இது சுலபமாகப் புரியும். 1956 நவம்பர் 1-க்கு முன் நம் ஊர் மோனசைட்டுக்கு எழுதிய சீட்டில் "திருவிதாங்கூர்" அல்லது "திருவிதாங்கூர்-கொச்சி" என்றுதானே இருக்கும்? பழைய சீட்டைத் திருத்தாதீர்கள், கிழித்துப் போடாதீர்கள். இன்றைய பெயரைத் தனித் தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

வியாபாரப் பெயருக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் கவனியுங்கள். "பிராண்ட்பெர்க் அமெதிஸ்ட்" என்று உலகமெங்கும் விற்பது, பிராண்ட்பெர்க் மலைக்கு மேற்கே இருக்கும் கோபோபோசெப் குன்றுகளின் எரிமலைப் பாறைப் பொந்துகளில் எடுப்பது. ஊதாவும் புகைநிறமும் ஒரே படிகத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும். சிலவற்றுக்குள் நீர்க்குமிழி நகர்வதையும் பார்க்கலாம். சீட்டில் கோபோபோசெப் என்று எழுதுங்கள். மைண்டாட் இணையதளத்தில் ஊர் ஊராகக் கனிமப் பட்டியல் இருக்கிறது. வாங்கும் முன் அந்த ஊரில் அந்தக் கனிமம் பதிவாகியிருக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிடுங்கள்.

இனி கல்லைப் பார்ப்பது. கையில் வேண்டியவை இரண்டு: நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். நாகர்கோவிலில் நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடைகளில் லென்ஸைக் கேட்டுப் பாருங்கள்.

முதலில் படிகத்தின் முனை. முனை உடைந்தால் மதிப்பு விழும், அதுவும் நடுவில் கண்ணில் படும் பெரிய படிகத்தின் முனை என்றால் ரொம்பவே விழும். ஓரத்தில் தெரியாத இடத்தில் ஒரு சில்லு போயிருப்பது பெரிய குற்றமில்லை. பாறையிலிருந்து பெயர்த்த இடம் எப்படியும் எங்காவது இருக்கத்தான் செய்யும். அடுத்து பளபளப்பு. மங்கலான பெரிய படிகத்தைவிட, கண்ணாடி மாதிரி முகங்கள் கொண்ட சின்னப் படிகத்தை எடுங்கள். அப்புறம் தாய்ப்பாறை. படிகம் எதன்மேல் வளர்ந்தது என்று தெரிவதுபோல் கொஞ்சம் பாறை ஒட்டியிருந்தால் நல்லது, ஊரை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அதுதான்.

என் அக்கா மகள் போன விடுமுறைக்கு வந்திருந்தபோது கேட்டாள், "மாமா, இது தானா வளந்ததா, ஒட்டி வச்சதான்னு எப்படித் தெரியும்?" டார்ச்சைக் கொடுத்து விளக்கை அணைத்தேன். படிகமும் பாறையும் சேரும் இடத்தில் நீலம் கலந்த வெள்ளையாக ஒரு கோடு ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் பசை. எல்லா ஒளிர்வும் பசையும் அல்ல. எரோங்கோ கற்களின் மேல் ஹையலைட் ஓப்பல் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும், அது பளிச்சென்று பச்சையாக ஒளிரும், அதில் இருக்கும் துளி யுரேனியத்தால். அது பொய்யில்லை, அந்த ஊரின் கையெழுத்து. பசை ஒளிராமலும் இருக்கலாம், ஆகவே லென்ஸில் அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள்: குமிழிகள், பாறைத்தூளைத் தூவி மறைத்த தடம், படிகத்தின் அடிப்பக்கம் பாறைக்குள் போகாமல் மேலே உட்கார்ந்திருப்பது. உடைந்ததைத் திரும்ப ஒட்டியிருந்தால், அதை விற்பவர் வாயால் சொல்லியிருந்தால், விலையைக் குறைத்து வாங்கலாம். சொல்லாமல் விற்றவரிடம் மறுபடி போகாதீர்கள்.

மொராக்கோ கற்களில் இன்னும் கவனம் வேண்டும். அட்லஸ் மலைச் சாலைகளில், தேங்காயை உடைத்தது போல இரண்டாகப் பிளந்த குவார்ட்ஸ் உருண்டைகள் கிடைக்கும். உள்ளே அடர்சிவப்பு, பளீர் நீலம், வெள்ளி மினுமினுப்பு. அந்தச் சாயமும், பசையில் தூவிய கலீனா என்ற ஈயத்தாதுத் தூளும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தவை. பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் தேய்த்தால் பலவற்றில் நிறம் பஞ்சில் ஏறும். அதே மொராக்கோவில் மிடெல்ட் பக்கத்து மிப்லாடெனில் கிடைக்கும் வனடினைட் உலகத்திலேயே முதல் தரம். ரத்தச் சிவப்பில் அறுகோணத் தட்டுகள், வெள்ளை பாரைட் மேல் அடுக்கி வைத்தாற்போல். வனடினைட்டில் ஈயம் அதிகம், அளவுக்கு மீறிக் கனக்கும், அதுவே ஒரு சோதனை. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

காங்கோவின் கதாங்கா பகுதியைப் பற்றியும் சொல்லவேண்டும். கொல்வேசி பக்கத்து மாலகைட், கோபால்ட் கலந்த ரோஜா நிறக் கால்சைட் எல்லாம் மனதை அள்ளும். அதே மண்ணில்தான் ஷிங்கோலோப்வேயும் இருக்கிறது. அமெரிக்கா முதல் அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்துக்கு யுரேனியம் போன இடம். கதாங்காவிலிருந்து வரும் பச்சை ஊசிகளான குப்ரோஸ்க்ளோடோவ்ஸ்கைட் போன்றவை கதிரியக்கக் கனிமங்கள். எத்தனை அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், தபாலிலும் வரவழைக்காதீர்கள். நம் ஊர் மோனசைட் மணலையும் ஞாபகத்துக்கு என்று பாட்டிலில் அள்ளி வைக்காதீர்கள், அணுசக்திச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் அது.

சட்டம் என்று வந்ததால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பட்டை தீட்டாத வைரத்தை யார் எவ்வளவு மலிவாகக் காட்டினாலும் தொடாதீர்கள். போர்க்குழுக்களின் வைரம் சந்தைக்கு வராமல் தடுக்கும் கிம்பர்லி சான்றிதழ் முறை 2003 முதல் நடப்பில் இருக்கிறது, நமீபியாவில் அனுமதியில்லாமல் பட்டை தீட்டாத வைரம் வைத்திருப்பதே குற்றம். மற்ற கற்களுக்கும் கடையில் ரசீது வாங்குங்கள், ஏற்றுமதி அனுமதி யார் எடுப்பது என்று முன்கூட்டியே கேளுங்கள். டான்சானியாவில் கெடுபிடி அதிகம். 1967-இல் மெரெலானியில் டான்சனைட் கண்டுபிடித்தார்கள், கடத்தலைத் தடுக்க 2018-இல் அந்தச் சுரங்கப் பகுதியைச் சுற்றி 24 கிலோமீட்டர் மதிலே கட்டிவிட்டார்கள். டான்சனைட் பெரும்பாலும் பூமியிலிருந்து பழுப்பாகத்தான் வரும், சூடேற்றித்தான் நீலமாக்குகிறார்கள். சூடேற்றாத இயற்கை நீலப் படிகம் என்று விற்றால் ஆதாரம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த கல்லை நம் கரையில் காப்பாற்றுவதுதான் இதில் கடினமான வேலை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடலோரத்தில் உப்புக்காற்று வருடம் முழுவதும். ஐரோப்பியர்கள் எழுதிவைத்த முறைகள் இங்கே அப்படியே பொருந்தாது. ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடிக் கதவு அலமாரியாகப் பாருங்கள். ஒவ்வொரு தட்டிலும் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் வெளியே எடுத்து அடுப்பில் காயவைத்துத் திரும்ப வையுங்கள். மொராக்கோவின் இமிதேர் வெள்ளி இங்கே சீக்கிரம் கறுத்துவிடும். பைரைட், மார்க்கசைட் வகைகள் ஈரத்தில் பொடிந்து கந்தக அமிலம் கசியவிடும், அது பக்கத்துக் கல்லையும் சீட்டையும் தின்றுவிடும். அவற்றைத் தனி டப்பாவில் மூடி வையுங்கள். குவார்ட்ஸ், ஷோர்ல், அக்வாமரைன் மூன்றுக்கும் காற்று ஒன்றும் செய்யாது, புதிதாகத் தொடங்குபவர் இவற்றைத் தேர்ந்தால் நிம்மதி.

வெளிச்சம் இன்னொரு எதிரி. வனடினைட் வெளிச்சத்தில் கறுத்துப்போகும். அமெதிஸ்ட் வெயிலில் வெளுக்கும். மடகாஸ்கரின் சகோவானி செலஸ்டைனின் வான நீலமும் மெல்ல மங்கும். ஜன்னலுக்கு எதிரே அலமாரி வைக்காதீர்கள், பார்க்கும்போது மட்டும் எல்இடி போடுங்கள். செரூசைட்டுக்குச் சூடு ஆகவே ஆகாது. சூடான பல்பின் கீழே வைத்தாலும் வெந்நீரில் நனைத்தாலும் விரிசல் விடும்.

கழுவுவதற்கு முன் கனிமம் எது என்று உறுதி செய்யுங்கள். குவார்ட்ஸில் துருக்கறை இருந்தால் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். கையுறை, திறந்த ஜன்னல், பிறகு பல நாள் நல்ல தண்ணீரில் ஊற வைப்பது எல்லாம் கட்டாயம். கால்சைட், ரோடோக்ரோசைட், அசுரைட், மாலகைட் இவற்றின் பக்கம் எந்த அமிலத்தையும் கொண்டுபோகாதீர்கள், எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட அமிலம்தான். பல்துலக்கும் மென்மையான பிரஷும் வடிகட்டிய தண்ணீரும் பெரும்பாலானவற்றுக்குப் போதும். நுண்ணிய ஊசிப் படிகங்களுக்குத் தண்ணீரும் வேண்டாம், கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பம்ப்பை வைத்துத் தூசியை ஊதுங்கள். இவற்றைப் பஞ்சில் பொதியவே கூடாது. பஞ்சின் நார் ஊசிகளில் சிக்கி எடுக்கும்போது உடைத்துவிடும். அடிப்பாறையை டப்பாவின் அடியில் ஒட்டுமாவால் பிடித்துவைத்து, படிகத்தின் மேல் எதுவும் படாதபடி மூடுங்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எண். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வெள்ளை பெயிண்ட் வைத்து, காய்ந்ததும் இந்தியன் இங்க்கில் எண்ணை எழுதி, மேலே நிறமில்லா நெயில் பாலிஷ் தடவுங்கள். நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே ஊர், வாங்கிய இடம், நாள், விலை, முன்பு யாரிடம் இருந்தது, ஒட்டுவேலை உண்டா என்று எழுதுங்கள். கைபேசிப் படமும் வையுங்கள், ஆனால் நோட்டில் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கப்பலும் இல்லை, வெளிநாடு போகவும் வழியில்லை என்றால்? பண்டமாற்று இருக்கிறது. புனே, ஜல்காவ் பக்கத்து எரிமலைப் பாறைகளில் கிடைக்கும் அபோஃபிலைட், ஸ்டில்பைட், வாகோலியின் நீலக் கவன்சைட் இவற்றுக்கு உலகம் முழுவதும் ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவுக்குள் நியாயமான விலைக்கு வாங்கி, நன்றாகச் சீட்டெழுதி, வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடம் ஆப்பிரிக்கக் கல்லுக்கு மாற்றலாம். நான் அருமையாக நினைக்கும் சில பீஸ்கள் இப்படித்தான் முட்டம் வந்தன. முதலில் நீங்கள் அனுப்புங்கள், அதில் உங்கள் நேர்மை தெரியும். பார்சலில் "சேகரிப்புக்கான கனிம மாதிரி" என்றும் உண்மையான மதிப்பையும் எழுதுங்கள். சுங்கவரி வந்தால் கட்டுங்கள். ஒரு அங்குலப் பெட்டிக்குள் அடங்கும் தம்ப்நெயில் அளவு மாற்றுக்கு ரொம்ப வசதி, தபால் செலவும் குறைவு, சின்ன அளவில்தான் குறையில்லாத படிகமும் கிடைக்கும்.

முதல் வருடத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், நான் இப்படிச் சொல்வேன். மிப்லாடென் வனடினைட் ஒன்று. கோபோபோசெப் அமெதிஸ்ட் ஒன்று. மலாவியின் மலோசா மலையிலிருந்து வெள்ளை ஃபெல்ட்ஸ்பாரோடு கருப்பு ஏஜிரின். தென்னாப்பிரிக்காவின் ரீம்வாஸ்மாக் பச்சை ஃப்ளூரைட்டில் எண்முகப் படிகம் தெளிவாக இருக்கும் ஒரு துண்டு. நான்குமே சின்ன அளவில், சீட்டோடு, ஒட்டுவேலை இல்லாமல். நான்கு ஊர்களின் தாய்ப்பாறையையும் லென்ஸில் பார்த்துப் பார்த்துப் பழகுங்கள். பிறகு எந்த நாடு பிடிக்கிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள். கலஹாரி மாங்கனீஸ் வயலின் நிச்வானிங் ரோடோக்ரோசைட்டும், ட்சுமெப் அசுரைட்டும் இரண்டாவது வருடத்துக்கு இருக்கட்டும். அதற்குள் விலையும் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும், எந்த வியாபாரியிடம் கேட்கலாம் என்பதும் தெரிந்திருக்கும்.